ஒப்பீட்டு வருமானமும் வீட்டுச் செலவும்: கிராமத்தில் கணக்கெடுக்கும் முறை

ஏற்றத்தாழ்வு வீட்டுச் செலவை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கப் போகிறவர்கள், ஊர் முழுவதற்கும் ஒரே சராசரியைப் போட்டுவிடுகிறார்கள். யாரும் ஊர் முழுவதோடும் தன்னை ஒப்பிட்டுக்கொள்வதில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் இதைக் கேளுங்கள்: "உங்கள் வீட்டில் காதுகுத்து வைத்தால் யார் யாருக்குப் பத்திரிகை வைப்பீர்கள்?" பங்காளி, மாமன் மச்சான், தெருக்காரர் என்று வரும் பெயர்கள்தான் அந்த வீட்டின் ஒப்பீட்டு வட்டம். பெரிய நிலக்காரர் பெரும்பாலும் அதில் இருக்கமாட்டார்.

வருமானத்தை மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் வராது. சாகுபடி, கூலி, ஆடுமாடு, நூறு நாள் வேலை, வெளிநாட்டுப் பணம், மகளிர் உரிமைத் தொகை என்று தனித்தனியாகப் பன்னிரண்டு மாதத்துக்குக் கேளுங்கள். சாகுபடியில் விதை, உரம், அறுவடை இயந்திர வாடகை, குத்தகை எல்லாவற்றையும் கழித்த பிறகு நிற்பதே வருமானம். நகைக்கடனும் வந்த மொய்யும் வருமானம் ஆகாது. இரண்டையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

செலவுக்கு மூன்று கால அளவு வையுங்கள். காய்கறி, மீன், முட்டை, எண்ணெய்க்கு 7 நாள். அரிசி, பருப்பு, எரிபொருளுக்கு 30 நாள். துணி, படிப்பு, ஆஸ்பத்திரி அனுமதி, பாத்திரத்துக்கு 365 நாள். 2022-23 தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலும் இதே முறைதான். அதில் தமிழகக் கிராமங்களின் தலைக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், இந்தியக் கிராமச் சராசரி 3,773 ரூபாய். வீட்டில் விளைந்ததற்கு ஊர் விலை போடுங்கள். ரேஷன் அரிசியைச் சுழியம் என்று விட்டுவிட்டால் ஏழை வீட்டின் சாப்பாட்டுச் செலவு பொய்யாகக் குறைந்து தெரியும்.

இனி விகிதம், அதாவது வீட்டின் தலா வருமானத்தை அதன் வட்டத்து நடு வருமானத்தால் வகுத்தால் வருவது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,44,000 என்றால் தலைக்கு மாதம் 2,400. அதன் வட்டத்து வீடுகளின் தலா வருமானத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 3,600 என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 0.67. சராசரி எடுக்காதீர்கள், சிங்கப்பூர் சம்பளம் வரும் ஒரே வீடு அதைத் தூக்கிவிடும். கணக்கெடுக்கும் வீட்டையே அதன் வட்டத்தில் சேர்ப்பதும் தவறு.

செலவை ஊர் கண்ணில் படுவது (துணி, வண்டி, போன், வீட்டு முகப்பு, விசேஷம்), படாதது (பால், முட்டை, மருந்து) என்று பிரியுங்கள். மொய்யைத் தனியாக வையுங்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடியில் நடக்கும் மொய் விருந்தில் வாங்கியதைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பது வழக்கம். தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த மொய் நோட்டைக் காட்டச் சொல்லி, வந்ததையும் செய்ததையும் எடுத்து எழுதுங்கள். விளைச்சல் பொய்த்த வருடத்திலும் செய்யும் மொய் குறையாத வீடுகளில், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் அடகுக் கடையோ கந்துவட்டியோதான் பதிலாக வரும்.

இந்தக் கேள்விகளை அக்கம்பக்கத்தார் முன்னால் கேட்கக் கூடாது. வருமானத்தைக் குறைப்பார்கள், சீரைக் கூட்டிச் சொல்வார்கள். வீட்டுப் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், கடன் கணக்கு அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

கடைசியில், தலா வருமானம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து விகிதம் மட்டும் வேறாக உள்ள வீடுகளை அருகருகே வையுங்கள். விகிதம் குறைந்த வீட்டில் கண்ணில் படும் செலவின் பங்கு கூடி, பாலும் முட்டையும் குறைந்திருந்தால் ஒப்பீடு வேலை செய்கிறது என்பதற்கு அது வலுவான அடையாளம். கல்யாண வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தனியே பிரித்து மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் வித்தியாசம் நின்றால்தான் அந்த முடிவை எழுதலாம்.