எடை மேடைக் கம்ப்யூட்டரில் இடமில்லை: லினக்ஸில் டிஸ்க் நிரம்பினால் என்ன செய்வது?

போன ஜூனில் ஒரு நாள், விடிந்தும் விடியாததுமாக மாமாவிடமிருந்து ஃபோன். காவேரிப்பட்டணம் பக்கம் எடை மேடை வைத்திருக்கிறார். மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா மாம்பழ லோடு ஏகத்துக்கும் வரும் நேரம் அது.

"மாப்ளே, சீட்டு வர மாட்டேங்குது. குட்டி யானை, லாரின்னு பதினோரு வண்டி நிக்குது. ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுது."

படிக்கச் சொன்னேன். "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்."

டிஸ்க் நிரம்பிவிட்டது. நான் தருமபுரியில் இருந்தேன். கிளம்பிப் போவதற்குள் டிரைவர்கள் மாமாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். எடையை நோட்டில் குறித்துக் கையால் சீட்டு எழுதச் சொல்லிவிட்டு, ஃபோனிலேயே வேலையை ஆரம்பித்தோம். அன்று சொன்னதைத்தான், தப்பாகச் சொன்னது உட்பட, இங்கே எழுதுகிறேன். அவரிடம் இருப்பது உபுண்டு. டெபியன், மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

கட்டளைகளை அவருக்கு வாயால் சொன்னபடியே தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். குழப்பம் வரும் இடத்தில் ஆங்கில எழுத்தையும் அடைப்பில் தருகிறேன். நான் இடைவெளி விட்ட இடத்தில் நீங்களும் விட வேண்டும்.

1. எது நிரம்பியிருக்கிறது?

உபுண்டுவில் கண்ட்ரோல், ஆல்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னல், வரும். டிஸ்க் நிரம்பினால் சில சமயம் லாகின் திரையைத் தாண்டவே விடாது. அப்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும், அதில் லாகின் செய்யலாம்.

டிஎஃப் -ஹெச்

(df -h) கடைசி நெடுவரிசையில் வெறும் / மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். மாமாவுக்கு அதில் 100% என்று இருந்தது. இந்தக் கட்டளையில் எல்லாவற்றிலும் இடம் இருப்பதாகக் காட்டியும் அதே பிழை வந்தால், ஹெச்சுக்குப் பதில் ஐ போட்டுப் பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் சேர்ந்து, இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம். அபூர்வம்தான்.

ஒரு சின்ன விஷயம்: ஈஎக்ஸ்டி4 (லினக்ஸில் வழக்கமான ஃபைல் அமைப்பு) டிஸ்க்கில் வழக்கமாக 5% இடம் ரூட்டுக்கென்று, அதாவது நிர்வாகிக்கென்று, ஒதுக்கப்பட்டிருக்கும். நமக்கு இடமில்லை என்றாலும் சூடோ (நிர்வாகியாக ஓட்டும் கட்டளை) போட்டு வேலை செய்ய முடிவது பெரும்பாலும் இதனால்தான்.

2. யார் தின்றது?

சூடோ டியூ -எக்ஸ்ஹெச்டி1 / | சார்ட் -ஹெச்

சூடோ என்பது எஸ், யூ, டி, ஓ (sudo). டியூ என்பது டி, யூ (du), அதன் பின் வருவது -xhd1, சார்ட் என்பது sort. நடுவில் உள்ள நிமிர்ந்த கோடு என்டர் விசைக்கு மேலே, ஷிஃப்ட்டோடு இருக்கும். பாஸ்வேர்டு கேட்கும், அடிக்கும்போது திரையில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. மாமா இதிலேயே ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டார். கீபோர்டு போய்விட்டது என்று வேறொன்றை மாட்டப் போனார். தெரியாவிட்டாலும் அடித்து என்டர் தட்டுங்கள்.

ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சின்னதிலிருந்து பெரியதாக வரும். கடைசி வரி மொத்தக் கணக்கு. அதற்கு மேலே உள்ள வரிதான் குற்றவாளி. மாமாவுக்கு அது /வார் (var). இனி கட்டளையில் / இருந்த இடத்தில் /வார் போட்டு மறுபடி ஓட்டுங்கள், அப்புறம் /வார்/லாக். இப்படிப் படிப்படியாக இறங்கினோம். கடைசியில் எடை சாஃப்ட்வேரின் சொந்த ஃபோல்டர் வந்தது. அதில் ஃபைல்களைப் பார்க்க:

சூடோ எல்எஸ் -எல்ஹெச்எஸ் /வார்/லாக்/எடை

கோட்டுக்குப் பின்னால் வரும் எஸ் மட்டும் பெரிய எழுத்து. எடை என்ற இடத்தில் உங்கள் ஃபோல்டரின் பெயரைப் போடுங்கள். பெரிய ஃபைல் மேலே வரும். ஒரே ஒரு லாக் ஃபைல் (சாஃப்ட்வேர் தன் நடப்பைக் குறித்துவைக்கும் ஃபைல்), 71 ஜிபி. டிஸ்க்கே 120தான்.

நடுவில் மாமா கேட்டார், "/வார்/லிப்னு ஒண்ணு பெருசா இருக்கே, தூக்கிடட்டுமா?" கூடவே கூடாது. மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ்களின் தரவு அங்கேதான் இருக்கும். அத்தனை வருட எடைக் கணக்கும் போய்விடும். பெரிதாக இருக்கிறது என்பதற்காக எதையும் அழிக்காதீர்கள்.

3. அழிப்பதற்கு முன் படியுங்கள்

71 ஜிபி ஃபைலை எடிட்டரில் திறந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். வால் பகுதி போதும்:

சூடோ டெய்ல் -என் 20 /வார்/லாக்/எடை/எடை.லாக்

(டெய்ல் என்பது tail.) இருபது வரியும் ஒரே வரி: இரண்டாவது சீரியல் போர்ட்டில் பதில் இல்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

4. நான் செய்த தப்பு

அவசரத்தில், ஆர்எம் போட்டு ஃபைலை அழிக்கச் சொன்னேன். அழித்தார். டிஎஃப் பார்த்தால் அதே 100%. "என்ன மாப்ளே, அழிச்சும் போகலையே?"

காரணம் இதுதான். ஆர்எம் அழிப்பது ஃபைலின் பெயரை. ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை இடம் திரும்பாது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டோம். குடித்தனக்காரர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், சாமான் சேர்த்துக்கொண்டே இருக்கிறார். இப்படி ஒளிந்திருப்பவர்களைக் காட்ட:

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

கூட்டல் குறிக்குப் பின்வரும் எல் பெரிய எழுத்து. வரும் வரிகளில் முதல் நெடுவரிசையில் புரோகிராமின் பெயர் இருக்கும். எங்களுக்கு எடை சாஃப்ட்வேர் வந்தது. அதை மூடித் திறக்கச் சொன்னேன். டிஎஃப் 39% காட்டியது, சீட்டும் வந்தது.

நீங்கள் ஆர்எம் போடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் லாகுக்கு இதுதான் சரி:

சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 /வார்/லாக்/எடை/எடை.லாக்

(ட்ரன்கேட் என்பது truncate.) ஃபைல் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் காலியாகும். புரோகிராமை நிறுத்த வேண்டியதில்லை.

5. கொசுறு இடம்

குற்றவாளி யாரும் சிக்கவில்லை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது என்றால் இந்த இரண்டும் பயமில்லாமல் ஓட்டலாம்:

சூடோ ஆப்ட் க்ளீன்

சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்

முதலாவது (apt clean), இன்ஸ்டால் செய்வதற்காக டவுன்லோடான பேக்கேஜ் ஃபைல்களை நீக்கும். இரண்டாவது (journalctl --vacuum-size), சிஸ்டத்தின் பழைய ஜர்னலை, அதாவது சிஸ்டத்தின் சொந்த லாகை, சுமார் 200 எம்பிக்குக் குறைக்கும். எம் பெரிய எழுத்து.

6. மறுபடி நிரம்பாமல் இருக்க

லாக்ரொட்டேட் என்று ஒன்று உபுண்டுவில் ஏற்கெனவே தினமும் ஓடுகிறது. நம் லாகைப் பற்றி அதற்குச் சொல்லிவைத்தால் போதும்.

சூடோ நானோ /ஈடிசி/லாக்ரொட்டேட்.டி/எடை

(/etc/logrotate.d) உள்ளே, வரிக்கு ஒன்றாக:

/வார்/லாக்/எடை/எடை.லாக் {
சைஸ் 100எம்
ரொட்டேட் 4
கம்ப்ரெஸ்
காப்பிட்ரன்கேட்
}

இங்கேயும் எம் பெரிய எழுத்து. 100 எம்பியைத் தாண்டினால் பழையதைச் சுருக்கி வைக்கும், நான்குக்கு மேல் சேர்ந்தால் மூத்ததை நீக்கும். காப்பிட்ரன்கேட்டை விட்டுவிடாதீர்கள், நாம் பட்ட அதே ஆர்எம் பிரச்சினை வேறு வடிவில் வரும். கண்ட்ரோல் ஓ, என்டர், கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தி வெளியே வாருங்கள். சூடோ லாக்ரொட்டேட் -டி (-d) என்று அடித்து, அந்த ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தால், எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே தெரியும்.

வண்டிகள் போன பிறகு மாமாவிடம் கேட்டேன், இரண்டாவது சீரியல் போர்ட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்று.

"அதுவா? வெளிய டிரைவருக்கு எடை காட்டுற செவப்பு போர்டு. அது எரியாம மூணு வாரமாச்சு மாப்ளே. நான்தான் ஜன்னல்ல இருந்து கத்திக்கிட்டு இருக்கேன்."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். கேபிள் பாதி கழன்று தொங்கியது. அழுத்தி மாட்டி, இரண்டு பக்கத் திருகையும் விரலாலேயே முடுக்கினார். போர்டு எரிந்தது.