இரண்டாம் முறை போட்டியிடும் அதிபர்: கருத்துக்கணிப்பு எண்களை எப்படிப் படிப்பது?

அமெரிக்க அதிபர் ஒருவர் இரண்டாம் முறை களமிறங்கும் ஆண்டில், செப்டம்பர் பிறந்ததும் நாள் தவறாமல் கருத்துக்கணிப்புகள் வெளிவரும். செய்தித் தலைப்பில் இடம்பிடிப்பது யார் எத்தனை புள்ளி முன்னிலை என்பது மட்டும்தான். அந்த எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியவை ஐந்து: யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேரிடம், எந்தத் தேதிகளில், எந்த வழியில், யார் செலவில். இவற்றில் ஒன்றை மறைத்தாலும் அந்தக் கணிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேட்பாளரின் பிரசாரக் குழுவே பணம் கொடுத்து எடுத்த கணிப்பு என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தங்களுக்குச் சாதகமாக வந்ததைத்தான் அவர்கள் வெளியே விடுவார்கள், மற்றது அலமாரியிலேயே கிடக்கும்.

யாரிடம் கேட்டார்கள்?

வயது வந்தோர் அனைவரும், பதிவு செய்த வாக்காளர்கள், வாக்களிக்க வாய்ப்புள்ளவர்கள் என மூன்று வட்டங்கள் உண்டு. ஒரு கணிப்பு இவற்றில் எதைச் சொல்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடைக்காலம் வரை பதிவு செய்தவர்களிடம் கேட்கும் பல நிறுவனங்கள், செப்டம்பர் தொடக்கத்தில் மூன்றாம் வட்டத்துக்கு மாறும். அந்த மாற்றத்தாலேயே முன்னிலை சில புள்ளிகள் நகரலாம். ஒரு வாக்காளர்கூட மனம் மாறியிருக்க மாட்டார், ஆனால் தலைப்புச் செய்தி 'சரிவு' என்று கூவும்.

வாக்களிக்க வாய்ப்புள்ளவர் யார் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் தீர்மானிக்கிறது. போன தேர்தலில் வாக்களித்தீர்களா, வாக்குச்சாவடி எங்கே என்று தெரியுமா, தேர்தலை எவ்வளவு கவனிக்கிறீர்கள் என்று கேட்டு மதிப்பெண் போடுவது பழைய முறை. 2012 அக்டோபர் நடுவில் காலப் என்ற கணிப்பு நிறுவனம் இந்த வட்டத்தில் எதிராளி ராம்னிக்கு 52, அதிபர் ஒபாமாவுக்கு 45 என்றது. அதே நாட்களில் பதிவு செய்த வாக்காளர்களிடம் அதே நிறுவனத்தின் கணக்கு ஏறத்தாழ சமநிலை. முடிவில் ஒபாமா சுமார் 3.9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு வட்டங்களுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி தெரிந்தால், சந்தேகிக்க வேண்டியது வடிகட்டும் முறையை.

பிழை வரம்பைக் கையாலேயே கணக்கிடலாம்

98-ஐ, பதில் சொன்னவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 95 சதவீத நம்பகத்தன்மைக்கான பிழை வரம்பு கிடைக்கும், அதாவது இப்படி நூறு கணிப்பு எடுத்தால் சுமார் 95-இல் உண்மையான எண் இந்த இடைவெளிக்குள் இருக்கும். 400 பேர் என்றால் கூட்டியோ குறைத்தோ 4.9, 600 பேர் என்றால் 4, 1000 பேர் என்றால் 3.1, 1500 பேர் என்றால் 2.5. மாதிரியை, அதாவது பதில் சொன்னவர்களின் எண்ணிக்கையை, நான்கு மடங்கு பெருக்கினால்தான் பிழை பாதியாகும்.

பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த படியில். இந்த வரம்பு ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கானது, முன்னிலைக்கானது இல்லை. இருவர் மட்டும் மோதும் போட்டியில் ஒருவர் இழப்பது மற்றவருக்குப் போகிறது. அதனால் முன்னிலையின் பிழை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உதாரணத்துக்கு, 800 பேரிடம் எடுத்த கணிப்பில் அதிபருக்கு 48, எதிராளிக்கு 45 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் சதவீதத்துக்கும் பிழை 3.5, முன்னிலைக்கு ஏறத்தாழ 7. அதாவது அதிபர் 4 புள்ளி பின்தங்கியிருக்கலாம், 10 புள்ளி முன்னேயும் இருக்கலாம். அடுத்த வாரம் அதே நிறுவனம் 46-க்கு 47 என்று வெளியிட்டால், 'அதிபர் முன்னிலையை இழந்தார்' என்று செய்தி வரும். அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல இடமே இல்லை.

வயது, இனம் என்று பிரித்துத் தரும் உட்பிரிவு அட்டவணைகளில் இது இன்னும் மோசம். 1000 பேரில் 120 பேர் கறுப்பினத்தவர் என்றால், அவர்களைப் பற்றிய எண்ணின் பிழை வரம்பு 9. 'இளைஞர் ஆதரவு 12 புள்ளி சரிந்தது' போன்ற செய்திகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. நான்கைந்து கணிப்புகளில் ஒரே திசை தெரியும்வரை அவற்றை நம்பாதீர்கள்.

சூத்திரத்துக்குள் வராத பிழை

மேலே சொன்ன கணக்கு, ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்ததால் வரும் பிழையை மட்டும் அளக்கிறது. பதில் சொன்னவர்களும் சொல்லாதவர்களும் வேறு வேறு மனநிலையில் இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. 1936-இல் ரூஸ்வெல்ட் இரண்டாம் முறை நின்றபோது, லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, 24 லட்சம் பதில்கள் வாங்கி, அவர் தோற்பார் என்றது. அவர் பெற்றதோ ஏறத்தாழ 61 சதவீத வாக்கு. தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் என்று வசதி உள்ளவர்களின் பெயர்களைத் தேடிப்போனது ஒரு கோளாறு. சீட்டு கிடைத்தும் பதில் போடாதவர்களைக் கண்டுகொள்ளாதது இன்னொன்று.

இன்று அந்த இரண்டாம் கோளாறுதான் பெரிய தலைவலி. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997-இல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம், 2018-இல் 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இந்தக் குறையை ஈடுகட்ட வயது, பாலினம், இனம், கல்வி, பகுதி ஆகியவற்றின்படி பதில்களுக்கு எடை போடுகிறார்கள், அதாவது குறைவாகப் பதில் சொன்ன பிரிவினரின் பதிலைக் கூடுதலாகவும், அதிகமாகச் சொன்னவர்களுடையதைக் குறைவாகவும் எண்ணுகிறார்கள். கல்விக்கு எடை போட்டார்களா என்று கட்டாயம் பாருங்கள். பட்டதாரிகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பதில் சொல்கிறார்கள். 2016-இல் பல மாநிலக் கணிப்புகள் இதைச் செய்யாததால் டிரம்பின் பலம் குறைத்துக் காட்டப்பட்டது. எடை போடுவதில் ஒவ்வொருவரின் முடிவும் எவ்வளவு மாறும் என்பதற்கு அதே ஆண்டு ஒரு நல்ல சோதனை நடந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், ஃபுளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த ஒரே தரவை நான்கு தேர்ந்த குழுக்களிடம் கொடுத்தது. நாளிதழின் சொந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், ஹிலாரி கிளின்டன் 4 புள்ளி முன்னிலை என்பதிலிருந்து டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்பதுவரை விடைகள் வந்தன. தரவு ஒன்றே, அதைக் கையாண்ட விதம்தான் வேறு.

விவாதம், ஊழல் செய்தி, மாநாடு என்று ஏதாவது நடந்த மறுநாள் எடுத்த கணிப்பிலும் கவனம் தேவை. 2012 அக்டோபர் 3 அன்று டென்வர் விவாதத்தில் ஒபாமா சொதப்பியதும் அவருடைய ஆதரவாளர்கள் சோர்ந்து, கணிப்புகளுக்குப் பதில் சொல்வதையே குறைத்தார்கள். ராம்னியின் அப்போதைய எழுச்சியில் கணிசமான பங்கு இதனால் வந்தது. இப்படிப்பட்ட குதிப்பு அடங்க இரண்டு வாரமாவது கொடுங்கள். அதற்காக எல்லாக் கடைசி நேர மாற்றத்தையும் தள்ளிவிடக் கூடாது. 1980-இல் அதிபர் கார்ட்டரும் எதிராளி ரீகனும் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்புதான் விவாதித்தார்கள். நெருக்கமான போட்டி என்றே பல கணிப்புகள் சொல்ல, ரீகன் ஏறத்தாழ 10 புள்ளியில் வென்றார்.

முன்னிலையைவிட முக்கியமான எண்

பதவியில் இருப்பவர் போட்டியிடும்போது, தேர்தல் முதலில் அவர்மீதான தீர்ப்பு. 'அதிபர் தன் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் ஆதரவு விகிதத்தை அதனால் தனியாகப் பின்தொடர வேண்டும். காலப் நிறுவனம் தேர்தலுக்கு முன் கடைசியாக எடுத்த அளவையும் அதிபர் பெற்ற வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1984-இல் ரீகனுக்கு ஆதரவு 58, வாக்கு 58.8. 2004-இல் இளைய புஷ்ஷுக்கு 48, 50.7. 2012-இல் ஒபாமாவுக்கு 52, 51.1. 2020-இல் டிரம்புக்கு 46, 46.8. மூன்றாவது வேட்பாளர் வலுவாக இல்லாத போட்டிகளில் இரண்டும் இவ்வளவு நெருங்கி வருகின்றன. 50-ஐ ஒட்டி இருந்தால் இழுபறி, 45-க்குக் கீழே போனால் அதிபருக்கு உண்மையான ஆபத்து.

இதைக் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். 1991 தொடக்கத்தில், வளைகுடாப் போர் முடிந்த சூட்டில், மூத்த புஷ்ஷின் ஆதரவு 89 சதவீதம். 1992 நவம்பரில் அவருக்குக் கிடைத்தது 37.4 சதவீத வாக்கு. 'அதிபரைப் பிடிக்குமா?' என்ற கேள்வி வேறு என்பதையும் மறக்க வேண்டாம். ஆளைப் பிடித்து ஆட்சியைப் பிடிக்காதவர்கள் ஏராளம், இரண்டு அளவுகளையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது.

முடிவு செய்யாதவர்கள் எல்லாம் எதிராளிக்குத்தான் போவார்கள் என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. 2004-உம் 2012-உம் அதைப் பொய்யாக்கின.

மாநிலக் கணக்கு

அதிபரைத் தேர்ந்தெடுப்பது நாடு முழுவதுமான மொத்த வாக்கு இல்லை, மாநிலங்களுக்குப் பங்கிட்ட 538 தேர்வாளர் வாக்குகள், வெல்ல 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களில் ஜெயித்தவருக்கே மாநிலத்தின் முழு வாக்கும். 2020-இல் பைடன் நாடு முழுவதும் 4.5 புள்ளி முன்னிலை பெற்றார். ஆனாலும் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவருடைய வித்தியாசம் 43,000 வாக்குகளுக்கும் குறைவு. தேசிய முன்னிலையை வைத்து வெற்றியாளரைச் சொல்ல முடியாததற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எனவே எந்தப் பக்கமும் சாயக்கூடிய, ஊசலாடும் ஆறேழு மாநிலங்களுக்குத் தனித்தனியே ஒரு பக்கம் ஒதுக்கி, கடைசி மூன்று வாரக் கணிப்புகளின் சராசரியை எழுதுங்கள். ஒரே நிறுவனத்தின் பல கணிப்புகள் இருந்தால் புதியதை மட்டும் சேருங்கள். தனியாகத் துருத்தி நிற்கும் எண்ணைத் தலைப்பாக்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம், சராசரிக்குள் போட்டுவிடுங்கள். 2020 அக்டோபர் இறுதியில் வாஷிங்டன் போஸ்ட், ஏபிசி இணைந்து எடுத்த விஸ்கான்சின் கணிப்பு பைடனுக்கு 17 புள்ளி முன்னிலை என்றது. அங்கே அவர் ஜெயித்தது 1 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில்.

பிறகு எல்லா மாநில எண்களையும் ஒரே நேரத்தில் அதிபர் பக்கம் 4 புள்ளி நகர்த்தி 270-ஐக் கூட்டுங்கள். அடுத்து எதிராளி பக்கம் 4 புள்ளி நகர்த்திக் கூட்டுங்கள். தனித்தனியாக நகர்த்தினால் கணக்கு தப்பும், ஏனென்றால் கணிப்புகள் தவறும்போது பெரும்பாலும் எல்லா மாநிலங்களிலும் ஒரே பக்கம்தான் தவறுகின்றன. 2012-இல் பதவியில் இருந்தவரின் பலத்தைக் குறைத்துக் காட்டின, 2020-இலும் அப்படியே. ஆனால் ஒபாமா ஜனநாயகக் கட்சிக்காரர், டிரம்ப் குடியரசுக் கட்சிக்காரர். கட்சியை வைத்துப் போன முறை இந்தப் பக்கம் தவறியது, இந்த முறையும் அப்படித்தான் என்று முன்கூட்டியே கழிக்க முடியாது. இரண்டு கூட்டலிலும் அதே ஆள் 270-ஐத் தாண்டினால் அவரை வலுவான முன்னிலையில் இருப்பவர் என்று எழுதலாம். ஆள் மாறினால், கணிப்புகளை வைத்து இந்தத் தேர்தலைச் சொல்ல முடியாது என்று எழுதுங்கள்.