பிடித்த வேலைக்குப் பரிசு வைக்காதீர்கள்

வரைவது, வாசிப்பது, தைப்பது என்று ஏதோ ஒன்று உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் நாள்கணக்கில் அந்தப் பக்கமே போவதில்லை. உடனே, "தினமும் செய்தால் எனக்கு நானே ஒரு பரிசு" என்று ஏற்பாடு செய்யத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் ஸ்கெட்ச் பேனாக்களை வகுப்பில் வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள்! சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. ஆசையாகச் செய்தது கூலி வேலையாக மாறியதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது.

சரி, என்ன செய்யலாம்? தொடங்குவதைச் சுலபமாக்குங்கள். நோட்டு அலமாரிக்குள் இருந்தால் கை போகாது. மேசைமேல் திறந்தபடி, பக்கத்தில் சீவிய பென்சிலோடு இருக்கட்டும். சலிக்கும்வரை செய்யாமல், அடுத்த கோடு எங்கே என்று தெரியும்போதே எழுந்துவிடுங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் யோசிக்காமல் தொடங்கலாம். எல்லாம் கைவந்து சலிப்புத் தட்டினால், கொஞ்சம் கடினமான படத்தை எடுங்கள்.