குழந்தைக்கு நடந்த கொடுமையைப் பாட்டாக்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எங்காவது ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தது என்று செய்தி வந்தால், ராத்திரியே பீட் போட்டு விடிவதற்குள் ரீல்ஸில் ராப் இறக்கிவிடுகிற பசங்க மதுரையில் இப்போது நிறைய. கோபம் நியாயம்தான். ஆனால் அந்த அவசரத்தில் பலரும் செய்யும் முதல் தவறு, குழந்தை யார் என்று காட்டிக்கொடுப்பது. பெயரைத்தான் சொல்லவில்லையே என்பார்கள். செல்லூர் என்று ஏரியாவைச் சொல்லி, ஏழாவது படிக்கிற பிள்ளை என்று சொல்லி, அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்று ஒரு வரியும் வைத்துவிட்டால் அப்புறம் பெயர் எதற்கு? பாலியல் குற்றமாக இருந்தால் இது சட்டப்படியே தப்பு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், படம், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் ஊடகத்தில் வரக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் சரி என்றாலும் போதாது, சிறப்பு நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். அந்தப் பிரிவில் ஸ்டுடியோ என்ற சொல்லும் இருக்கிறது, ரெக்கார்டிங் போடுகிற அண்ணன்களும் கவனிங்க.

அடுத்தது, செய்தவனையே பல்லவியாக்குவது. 1979 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் 16 வயதுப் பெண் ஒருத்தி ஒரு தொடக்கப் பள்ளியை நோக்கிச் சுட்டதில் பள்ளி முதல்வரும் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள், எட்டுக் குழந்தைகளுக்குக் காயம். ஏன் சுட்டாய் என்றதற்கு, திங்கட்கிழமை பிடிக்காது என்றாள். பூம்டவுன் ராட்ஸ் என்ற அயர்லாந்து ராக் குழு அதையே பல்லவியாக்கியது, பிரிட்டனில் முதலிடம். அவளைப் பிரபலமாக்கிவிட்டோமே என்று அதை எழுதிய பாப் கெல்டாஃப் பின்னாளில் வருந்தினார். அந்த எட்டுப் பிள்ளைகளை யார் பாடினார்கள்?

கொலையைக் காட்சி காட்சியாக விவரிக்கும் பழக்கம் நமக்கும் உண்டு, சந்தையிலும் ரயிலிலும் விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்கள் அப்படித்தான் ஓடின. குழந்தை விஷயத்தில் அது ஆகாது. 1987இல் அமெரிக்கப் பாடகி சூசன் வேகா பாடிய 'லூக்கா'வில் அடி வாங்கும் சிறுவனே பேசுகிறான். சத்தம் கேட்டால் என்ன என்று கேட்காதீர்கள் என்கிறான், அவ்வளவுதான். அடித்த கையைப் பாட்டு காட்டவே இல்லை, ஆனால் கேட்கிறவருக்கு அடுத்த வீட்டுச் சுவர் ஞாபகம் வந்துவிடும்.

பீட் வேகமாக இருப்பதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திருவிழா ரேடியோ செட்டில் போட்டு ஆடினால் எந்த வரி காதில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். 'தூக்குல போடு' என்ற வரிக்குக் கைதட்டல் கிடைக்கும், பிடிபட்டவன் வேறு ஆளாக இருந்தால்? வாட்ஸ்அப் தகவலை வைத்து யார் பெயரையும் பாடாதீர்கள்.

வியூஸ் பணத்தை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு பண்ணுங்கள். ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996 மார்ச்சில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, உள்ளூர்ப் பாடகர் டெட் கிறிஸ்டோபர், அமெரிக்கப் பாடகர் பாப் டிலனிடம் அனுமதி வாங்கி டிலனின் பாட்டு ஒன்றில் புதுச் சரணம் சேர்த்தார். இறந்த பிள்ளைகளின் உடன்பிறந்தவர்கள் கோரஸ் பாடினார்கள், வருமானம் குழந்தைகளுக்கான அறப்பணிகளுக்குப் போனது.

வீடியோவுக்குக் கீழே குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் போடுங்கள். குடும்பத்தார் பாட்டை எடுக்கச் சொன்னால், பத்து லட்சம் வியூஸ் தாண்டியிருந்தாலும் எடுத்துவிடுங்கள்.