சிலிக்கோனும் தலைமுடியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டிஷனர் போத்தலின் பின்புறத்தில் ‘கோன்’ என்றோ ‘சிலோக்சேன்’ என்றோ முடியும் பெயரைக் கண்டதும் அதை வாங்காமல் திருப்பி வைப்போர் உளர். அவை முடியை வழவழப்பாக்கச் சேர்க்கும் சிலிக்கோன் வகைகளின் பெயர்கள். அப்பெயர்கள் யாவும் ஒரே பொருளைக் குறிப்பதாக எண்ணுவதே முதல் தவறு. சைக்ளோபென்டாசிலோக்சேன் பூசிய பின் ஆவியாகிவிடும். டைமெதிக்கோன் நீரில் கரையாமல் மெல்லிய படலமாகத் தங்கி, முடியோடு முடி உராய்வதைக் குறைக்கும். ‘பெக்’ (PEG) என்ற முன்னொட்டுடன் வரும் டைமெதிக்கோன் வகைகளிற் பல நீரில் கரைவதால் இலகுவாகக் கழுவப்பட்டுவிடும். அமோடைமெதிக்கோனின் போக்கு இன்னும் நுட்பமானது: நிறம் வெளுக்கச் செய்த முடியின் மேற்பரப்பில் எதிரேற்றம் மிகுந்திருப்பதாலும், அமோடைமெதிக்கோனிலுள்ள அமைன் எனும் நைதரசன் கூட்டங்கள் நேரேற்றம் பெறுவதாலும், பழுதடைந்த இடங்களிலேயே அது கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது.

படலம் முடியை மூச்சுவிடாமல் தடுக்கும் என்பது வீண் அச்சம். தோலுக்கு வெளியே உள்ள முடியில் உயிருள்ள கலம் எதுவும் இல்லை.

மட்டக்களப்பின் கடலோரக் கிணறுகளை நம்பி வாழும் எம்மவர் கவனிக்க வேண்டிய தவறு வேறொன்று. நீர் வன்மையாக இருந்தால், அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்துடன் சேர்ந்து கரையாத படிவாகி முடியிற் படியும். முழுகிய பின்னும் முடி பிசுபிசுத்து ஒளியிழந்து கிடக்க, பழி கண்டிஷனர் மேல் விழுகிறது. சவர்க்காரத்தை விட்டு ஷாம்புவுக்கு மாறி, கடைசி அலசலுக்கேனும் மழைநீரைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே சிலிக்கோனைக் குற்றஞ்சாட்டலாம். படிவை நீக்கவென்று தேசிக்காய்ச் சாற்றைத் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்குவது மட்டும் வேண்டாம். தோலில் எரிகாயம் உண்டாகக்கூடும்.

மறுபுறம், ஷாம்புவையே கைவிட்டு வெறும் நீரால் கழுவுவோர் டைமெதிக்கோன் கலந்த பொருளைத் தொடர்ந்து பூசினால் படலம் தேங்கவே செய்யும். அதை அகற்றக் கடுமையான சல்பேற்று நுரைப்பான் தேவை என்பதில்லை. கோக்கமிடோபுரொப்பைல் பீட்டேன் போன்ற மென்மையான நுரைப்பான்களாலும் பெருமளவு நீக்கலாம்.

சிலிக்கோன் முடியைக் குணப்படுத்துகிறது என நம்புவதும் பிழை. வெடித்த நுனியை அது தற்காலிகமாக ஒட்டி மறைக்கும், அவ்வளவுதான், பிறகு கத்தரிக்கோல்தான். முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பது தேங்காயெண்ணெய். அதை முழுகுவதற்கு முன்பே பூசிவிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல், கழுவி அகற்றும் அழகுப்பொருள்களில் சைக்ளோபென்டாசிலோக்சேனை 0.1 வீதத்துக்கு மட்டுப்படுத்தியதை முடிக்குக் கேடு என்பதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அக்கட்டுப்பாட்டின் காரணம் முடியன்று. அந்தச் சிலோக்சேன் நீர்ச்சூழலில் நெடுநாள் சிதையாமல் தங்குவதே.