சுற்றுச்சூழல் படிக்கப் போகிறவர் கையில் ஓர் ஆறு இருக்கட்டும்

சுற்றுச்சூழல் துறையில் முதுகலை சேர விரும்பும் மாணவர், எம்.எஸ்சி.யா எம்.இ.யா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வேதியியல், விலங்கியல் போன்ற பாடங்களைப் படித்தவர்கள் முன்னதற்கும், பொறியியல் பட்டதாரிகள் பின்னதற்கும் செல்வது வழக்கம். பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் இத்துறைக்குத் தனித்தாளும் உண்டு. அரசு வேலையை எதிர்பார்ப்பவர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடைசியாக வெளியிட்ட ஆள்சேர்ப்பு அறிவிப்பை எடுத்து, தாங்கள் சேரவிருக்கும் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று எழுத்தெண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. புதுப்பெயர் சூட்டிக்கொண்ட பட்டங்களுக்குப் பின்னாளில், அவை அறிவிப்பில் கேட்கும் பட்டத்துக்குச் சமம் என்னும் இணைத்தன்மைச் சான்று கேட்டு அலைய நேரிடலாம்.

சேர்ந்த பிறகு, எல்லாத் தாள்களையும் பொருத்திப் பார்க்க ஓர் ஆற்றையோ ஏரியையோ முதல் பருவத்திலேயே தேர்ந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலை எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்தில் கற்கும் முதல் சோதனைகளில் ஒன்று பி.ஓ.டி. நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதை அது காட்டும். 300 மில்லி குப்பியின் அடியைக் குழாய் தொடும்படி வைத்து மெல்ல நிரப்பி, ஒரு காற்றுக்குமிழிகூடத் தங்காமல் மூட வேண்டும்; குமிழி நின்றால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. பிறகு குப்பியை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளக்க வேண்டும் என்று பல பாடநூல்கள் சொல்ல, இந்தியத் தர முறை 27 டிகிரியில் மூன்று நாள் என்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை சோதனையைத் தொடங்கினால் திங்களன்று அளக்கலாம். வியாழனன்று தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை ஆய்வகச் சாவிக்கு அலைய வேண்டும்.

ஆனால் நொய்யலின் கதையைப் பி.ஓ.டி. மட்டும் சொல்லாது. அதன் கரையிலுள்ள திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில், பருத்தியில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கும் உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. கரிமக் கழிவை நீக்கும் சுத்திகரிப்பு அந்த உப்பைத் தொடுவதே இல்லை. எனவே பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் இருக்கும்போதே, உப்பு உள்ளிட்ட கரைந்த திண்மங்கள் 2,100 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிக் கிணறுகளைக் கெடுத்துவிடும்.

சட்டத் தாளை இதனோடு சேர்த்துப் படியுங்கள். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான 1996ஆம் ஆண்டு வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்நிலையை எட்ட உப்பைப் பிரித்தெடுக்கும் எதிர்ச்சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கிகளும் தேவை. அவை மின்சாரத்தையும் விறகையும் விழுங்குவதோடு, எளிதில் பயன்படாத கலப்பு உப்பையும் மிச்சம் வைக்கின்றன. நீர் காப்பாற்றப்படும்போது சுமை வேறெங்கே ஏறுகிறது என்று கணக்குப் போடுவதே இப்படிப்பின் மையம் என்பது என் கருத்து.

ஆய்வேட்டுக்கு 'நொய்யலின் மாசு' என்று தலைப்பு வைக்காமல், ஒரே ஊரின் பத்துக் கிணறுகளை எடுத்துக்கொண்டு, மே மாதம் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் நீரை அளந்து பாருங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் கிணற்றின் ஆழத்தையும், கடைசியாக மழை பெய்த நாளையும், அந்நீரை இப்போது எந்தப் பயிருக்குப் பாய்ச்சுகிறார்கள் என்பதையும் கிணற்று மேட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.