அலுவலகத்துக் கோபம் வீட்டுக்கு வரும்போது: துணைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுசேரியிலிருந்தோ நாவலூரிலிருந்தோ கிளம்பி, மெட்ரோ பணிக்காகக் குறுகிப்போன பழைய மகாபலிபுரம் சாலையில் ஊர்ந்து, இரவு எட்டரை மணிக்கு மேடவாக்கத்து வீட்டுக்கு வந்து சேரும் ஒருவர், செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பு பெரும்பாலும் மாலைக் கூட்டத்தில் அவரைப் பலர் முன்னிலையில் கேள்வி கேட்ட மேனேஜருக்கு உரியது. ஆனால் அதைப் பார்ப்பவரோ கதவைத் திறந்தவர். வேலை ஏற்றிய சுமையைத் துணையின் குணமாக எடுத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தவறை அழுத்தத்தில் இருப்பவரும் செய்கிறார். மன அழுத்தம் நம் நடத்தையை மட்டுமல்லாமல், நம் கண்ணில் எது படுகிறது என்பதையும் மாற்றிவிடுகிறது. லிசா நெஃப், ஏப்ரல் பக் என்னும் இரு உளவியலாளர்கள் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், புதிதாக மணமான 79 தம்பதியர் 10 நாள்கள் தங்கள் துணை அன்று எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பதிவு செய்தார்கள். வீட்டுக்கு வெளியே நெருக்கடிகள் மிகுந்திருந்தவர்கள், துணையின் குறைகளையே கூடுதலாகக் கவனித்திருந்தார்கள். கட்டில்மேல் கிடக்கும் ஈரத் துண்டு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கண்ணில் படுவதே இல்லை. ஆடிட் நடக்கும் வாரத்தில் அதே துண்டு, 'உனக்கு என்மேல் அக்கறையே கிடையாது' என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. வேலை நெருக்கும் வாரங்களில் துண்டைப் பற்றிப் பேசலாம். 'நீ எப்போதுமே இப்படித்தான்' என்று ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதை மட்டும் தள்ளிப்போட வேண்டும்.

இந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. அடிப்பதும், இழிவாகப் பேசுவதும், சம்பளத்தையோ போனையோ பறித்து வைத்துக்கொள்வதும் வேலை அழுத்தத்தின் கணக்கில் சேராதவை. 'ஆபீஸ் டென்ஷன், பாவம்' என்று அவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்பவர் உறவினராகவே இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181 இத்தகைய நிலைக்காகவே இருக்கிறது.

அடுத்தது மௌனத்தைக் கையாள்வதில் நேரும் தவறு. உளவியலாளர் ரெனா ரெபெட்டி 1989ஆம் ஆண்டிலேயே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஆராய்ந்து, வேலைப் பளு கூடிய நாள்களின் மாலையில் அவர்கள் வீட்டில் ஒதுங்கியிருக்க முற்பட்டதையும், அப்படி ஒதுங்கத் துணை இடம் கொடுத்த வீடுகளில் கோபம் குறைவாக வெளிப்பட்டதையும் கண்டறிந்தார். அதாவது, வந்தவுடன் பேசாமல் இருப்பது வெறுப்பு அன்று, களைப்பின் இயல்பான வடிவம். 'என்ன ஆச்சு, ஏன் உம்முன்னு இருக்க?' என்று அறைக்கு அறை பின்தொடர்வதால் அது கலையாது. அதே நேரம், ஒதுங்குபவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. எதுவும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவது துணையைத் தண்டிப்பதாகவே படும். 'இன்னைக்கு ரொம்ப முடியல; குளிச்சுட்டு வந்து சொல்றேன்' என்ற ஒரே வாக்கியம் அந்த மௌனத்துக்கு ஒரு காரணத்தையும் ஒரு முடிவு நேரத்தையும் கொடுத்துவிடுகிறது. சொன்னபடி குளித்துவிட்டு வந்து பேசவும் வேண்டும். இல்லையேல் மறுமுறை அந்த வாக்கியத்துக்கு மதிப்பு இருக்காது. சண்டை தொடங்கிவிட்டாலும் இதுவே பொருந்தும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரிலிருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்றும், உடல் தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்றும் தம்பதியரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன் கூறுகிறார்.

துணை மனம் விட்டுப் பேசத் தொடங்கியதும் 'வேலையை விட்டுட வேண்டியதுதானே' என்று தீர்வு சொல்வது மூன்றாவது தவறு. வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் இருக்கும்போது விட முடியாது என்பது இருவருக்குமே தெரியும். ஆலோசனை வேண்டுமா, காது கொடுத்துக் கேட்டால் போதுமா என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருவது: 'அவளை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும்' என்று எதையுமே சொல்லாமல் இருப்பது. புராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை வேலை எதுவும் தரப்படாமல் 'பெஞ்சில்' உட்கார்த்தி வைக்கப்பட்டவர், டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு தினமும் வழக்கம்போலக் கிளம்புகிறார், இரவில் தூக்கமின்றிப் புரள்கிறார், பேச்சு சுருங்குகிறது. மனைவிக்கு மாற்றம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. தெரியாத இடத்தை மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும்: என்னைப் பிடிக்கவில்லை, அல்லது வேறு யாரோ இருக்கிறார்கள். பிறகு உடன் வேலை செய்பவரின் மனைவி வழியாக உண்மை தெரியவரும்போது, வேலை போகும் அச்சத்தைவிட மறைக்கப்பட்டதன் வலியே பெரிதாகிவிடுகிறது. இன்னும் மணமாகாத காதலர்களுக்கு இது மேலும் கடினம். பெருங்குடியில் ஹாஸ்டலில் இருப்பவரும் அம்பத்தூரில் பெற்றோருடன் இருப்பவரும் வாரம் முழுவதும் ஒருவரையொருவர் குரலாக மட்டுமே அறிகிறார்கள். அங்கே 'ம்' என்ற பதிலுக்கு ஆயிரம் பொருள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடி இருக்கிறது, அது உன்னால் வந்ததில்லை என்ற இரண்டையும் சொல்லிவிட வேண்டும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம்.

யாருடைய வேலை கடினம் என்று போட்டி போடுவதும் தவறே. எனினும் இதில் இருவரும் சமமான இடத்திலிருந்து பேசவில்லை என்பதை ஆண்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டிருந்தார்கள். இருவரும் ஒரே மாதிரிக் களைத்து வரும் வீட்டில், தோசை மாவு இருக்கிறதா என்ற நினைப்பு ஒருவர் தலையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அவருக்கு எரிச்சல் வருவதில் வியப்பில்லை. அன்பான சொற்களைவிட இரவுப் பாத்திரங்களைக் கழுவும் வேலையை நிரந்தரமாக ஏற்றுக்கொள்வது அங்கே கூடுதலாக உதவும்.

கடைசியாக, அமெரிக்க நேரத்தை ஒட்டிய ஷிப்டில் வேலை செய்பவர்கள் நேரத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடும் தவறு. நியூயார்க்குக்கும் சென்னைக்கும் இடையிலான ஒன்பதரை மணி நேர வித்தியாசம், அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பும் நவம்பர் முதல் ஞாயிறன்று பத்தரை மணி நேரமாகிறது. அந்த நேரத்தை ஒட்டிய ஷிப்ட் இங்கே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அதிகாலை இரண்டரைக்கு முடிந்தது மூன்றரைக்கு முடியும், விழிப்பதும் தள்ளிப்போகும். காலையில் வேலைக்குக் கிளம்பும் துணையோடு குடித்துவந்த ஒரு காபி இதில் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். பிறகு பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்புக்கு மாறி, குரலின் தணிவு இல்லாத வரிகளில் சண்டை மூளும். அக்டோபர் மாதத்திலேயே உட்கார்ந்து, இருவரும் விழித்திருக்கும் வேளை எது என்று பார்த்து அதை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் நேரம் திரும்பவும் மாறும்போது இன்னொரு முறை பேசிக்கொள்ளுங்கள்.